முள்ளின் பதம்

தூண்டில் போடுவதற்கு வேண்டிய பொருள்களில் செய்வதற்கு மிக நுட்பமானதும் மிகக் கடினமானதும் முள்தான் என்று 1496இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சான ஒரு நூல் சொல்கிறது. விங்கின் டி வோர்ட் என்ற அச்சுக்காரர் வெளியிட்டது. தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஆங்கிலத்தில் அச்சேறிய முதல் நூலும் அதுவே. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண் துறவி எழுதியதாக நெடுநாள் சொல்லிவந்தார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. யார் எழுதியிருந்தாலும் கரியடுப்பின் முன் உட்கார்ந்து முள் செய்து பார்த்தவர்தான் எழுதியிருக்கிறார். படிக்கும்போதே அது தெரிந்துவிடுகிறது.

நூல் ஊசியிலிருந்து தொடங்குகிறது. சின்ன மீனுக்குக் கிடைப்பதிலேயே மிகச் சிறிய எஃகு ஊசி. பெரிய மீனுக்குத் தையற்காரரின் ஊசி, செருப்புத் தைப்பவரின் ஊசி. ஊசியைக் கரி நெருப்பில் வைத்து, நெருப்பின் நிறமே அதற்கும் வரும்வரை காய்ச்ச வேண்டும். எடுத்துத் தானாக ஆறவிட வேண்டும். அப்போது அது அரத்துக்கு இணங்கும். மீன் கழலாமல் தடுக்கும் நாக்கைக் கத்தியால் எழுப்பி, முனையைக் கூராக்கி, மறுபடியும் காய்ச்சி ஆறவிட்ட பிறகே வளைக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைக்கும்போதே முறியும். மேல்முனையைத் தட்டித் தட்டையாக்கி, கயிற்றை அறுக்காதபடி அராவிவிட வேண்டும். கடைசியாக மெல்லிய சிவப்பு ஏறக் காய்ச்சிச் சட்டென்று தண்ணீரில் போட்டால் முள் கடினமாகவும் உறுதியாகவும் ஆகிவிடும். பிறகு சுத்தியல், குறடு, அரம், பட்டடை என்று கருவிகளின் படம். அதற்கடுத்து முள்ளைக் கயிற்றில் கட்டும் பாடம் வந்துவிடுகிறது.

வீட்டில் முள் செய்கிறவர்கள் இந்த இடத்தில் திகைத்து நிற்பார்கள். நல்ல எஃகை நன்றாகச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தால் கடினம் வரும், உண்மைதான். ஆனால் அந்தக் கடினம் முள்ளுக்கு ஆகாது. குறட்டால் பிடித்து லேசாகத் திருகினாலே வளைவில் இரண்டாகிவிடும். அதை இன்னொரு தடவை, இந்த முறை மிகக் குறைந்த சூட்டில், நிதானமாகக் காய்ச்சிப் பதம் பார்த்து எடுக்க வேண்டும். அந்தக் கடைசி வேலையைப் பற்றி நூலில் ஒரு வரிகூட இல்லை. நூல் சொல்லும் மெல்லிய சிவப்பில் முழுக் கடினம் ஏறாமல் முள் தப்பியிருக்கலாம். அல்லது, செய்கிறவர் கைக்குத் தெரியும், எழுத வேண்டியதில்லை என்று விட்டிருக்கலாம். எப்படியானாலும் முள்ளை முள்ளாக்குகிற வேலை எழுத்துக்கு வராமல் நின்றுவிட்டது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அந்த வேலையைப் பற்றித்தான்.

தூண்டில் முள்ளின் வடிவத்தைப் பற்றி எவ்வளவோ பேசலாம். வளைவு வட்டமா, சதுரமா. முனை நேரா, உள்நோக்கியா. தண்டு நீளமா, குட்டையா. இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. பதமோ கண்ணுக்குத் தெரியாது. அருகருகே வைத்த இரண்டு முட்களில் எது ஒரு கிலோ விராலைத் தாங்கும், எது முறியும் என்று பார்வையால் சொல்லிவிட முடியாது. அதனால்தான் வாங்கும் முள்ளில் நாம் செய்தவரை நம்புகிறோம். செய்யும் முள்ளில் நம்பிக்கைக்கு இடமில்லை, தெரிந்தாக வேண்டும்.

எங்கள் பக்கம் ஆறும் வாய்க்காலும் குளமும் உள்ள ஊர்களில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரு காலத்தில் முள் செய்தவர்கள்தான். குண்டூசியை வளைத்தால் முள். நாணல் தட்டையோ மூங்கில் கழியோ கிடைத்தால் கம்பு. நெட்டித் துண்டு தக்கை. கெண்டைக்கும் சின்னக் கெளுத்திக்கும் அது போதும். குண்டூசி மெதுவான கம்பி. விரலாலேயே வளையும், மீன் கொஞ்சம் கனமாக இருந்தால் நேராகியும் விடும். அதில் நாக்கும் கிடையாது. தூண்டில் நரம்பு ஒரு கணம் தளர்ந்தாலும் மீன் கழன்று போகும். பிள்ளைகள் அதற்குக் கண்டுபிடித்த ஒரே மருந்து வேகமாகச் சுண்டி இழுப்பது. கரையில் பின்னால் நிற்பவர் தலைமேல் மீன் பறந்துபோய் விழுவது அதனால்தான்.

குண்டூசியையோ ஆணியையோ எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. காரணம் கரி. இரும்பில் கலந்திருக்கும் கரியின் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சாதாரண ஆணியில் நூற்றில் கால் பங்குக்கும் குறைவான கரிதான் இருக்கும். நல்ல தையல் ஊசியில் முக்கால் பங்கு முதல் ஒரு பங்கு வரை இருக்கும். இந்தச் சிறு வித்தியாசத்தில்தான் எஃகு பிறக்கிறது. வீணைக்கும் கிட்டாருக்கும் போடும் எஃகுக் கம்பியிலும் கரி அதிகம். முள்ளுக்கு அருமையான பொருள். பைக்கின் கிளச் கேபிளைப் பிரித்தால் வரும் இழையும் நல்ல எஃகுதான். ஆனால் அதன்மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும்; நெருப்பில் வைத்தால் வரும் புகை உடம்புக்கு ஆகாது. அதைத் தொடாமல் விடுவதே நல்லது. தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ஊசிதான். சின்ன மீனுக்குத் தையல் ஊசி, கெளுத்திக்கும் விராலுக்கும் கோணி ஊசி.

ஊசியில் இன்னொரு வசதியும் உண்டு. அதன் ஒரு முனை ஏற்கெனவே கூர். மறுமுனையில் ஏற்கெனவே காது. பாதி வேலையை ஊசித் தொழிற்சாலையே முடித்துக் கொடுத்துவிடுகிறது. நாம் செய்ய வேண்டியது நாக்கும் வளைவும் பதமும்.

முதலில் இளக்க வேண்டும். கரி அடுப்பில் ஊசியைச் சிவக்கக் காய்ச்சி, எடுத்தவுடன் உமிச்சாம்பலில் புதைத்துவிட வேண்டும். உமிச்சாம்பலைப்போல் சூட்டை மெல்ல விடுகிற பொருள் வேறில்லை. ஆறியதும் எடுத்தால் ஊசி கறுத்து, மெதுவாகி, விரலுக்கு இணங்கி வளையும். காற்றில் ஆறவிட்டால் மெல்லிய கம்பி சட்டென்று குளிர்ந்து பாதிக் கடினம் அதில் தங்கிவிடும்.

நாக்கு எழுப்புவதுதான் கைக்கு மிகப் பெரிய சோதனை. முனைக்குக் கொஞ்சம் மேலே, கம்பியின் உள்பக்கத்தில், நல்ல கூருள்ள சிற்றுளியைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து முனையை நோக்கித் தள்ள வேண்டும். ஒரு மெல்லிய சீவல் எழும்பி நிற்கும். அதுதான் நாக்கு. கம்பி உருளாமல் இருக்க, ஒரு இரும்புத் துண்டில் வாளால் அறுத்த சிறு பள்ளத்தில் அதைப் படுக்க வைக்கலாம். உளி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதுதான் கேள்வி. கம்பியின் கனத்தில் நாலில் ஒரு பங்கு போனால் போதும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த இடம் மெலிந்து, பின்னால் முள் முறிவதென்றால் அங்கேதான் முறியும். பெரிய நாக்கு நல்ல நாக்கு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நாக்கு பெரிதானால் மீனின் உதட்டுக்குள் ஏறவே மறுக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்கு உறுத்தக் கூடாது. அதுவே அளவு.

இந்த வேலையை வளைக்கும் முன்பே செய்துவிட வேண்டும். வளைந்த கம்பியைப் பள்ளத்தில் படுக்க வைக்க முடியாது. நாக்கு எழுந்ததும் முனையை அரத்தால் மீண்டும் தீட்டி, பலகையில் அடித்த ஆணியைச் சுற்றிக் கம்பியை வளைக்கலாம். ஆணியின் கனம்தான் வளைவின் அகலம். வீட்டில் செய்யும் முள்ளின் பெரிய சுகம் இங்கே இருக்கிறது. கெண்டையின் வாய்க்கு ஓர் ஆணி, விராலின் வாய்க்கு வேறோர் ஆணி. எந்தக் கடையின் எண் வரிசையிலும் இல்லாத அளவில், நம் குளத்து மீனின் வாய்க்கேற்ற முள் கிடைக்கிறது.

இப்போது நெருப்பு.

எரிவாயு அடுப்பிலும் செய்யலாம். ஆனால் கரி நெருப்புத்தான் சிறந்தது. சுடரின் நுனியில் மெல்லிய கம்பியைக் காட்டினால் முனை நொடியில் வெளுத்துப் பொறியாகச் சிதறிவிடும். எஃகிலுள்ள கரியும் எரிந்துபோகும். கரி நெருப்பின் நடுவே ஒரு தகரத் துண்டை வைத்து, அதன்மேல் முட்களைப் பரப்பிக் கரித்தூளால் மூடிக் காய்ச்சினால் முனையும் தண்டும் ஒன்றாகச் சிவக்கும். வெயிலில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. நண்பகலில் கறுப்பாகத் தெரியும் இரும்பு இருட்டில் சிவப்பாகத் தெரியும். கொல்லர் பட்டறைகள் அரையிருட்டாக இருப்பதற்கு ஏழ்மை மட்டும் காரணமல்ல; நெருப்பின் நிறம் பார்க்க அந்த இருட்டு வேண்டும்.

எந்தச் சிவப்பு என்று எப்படித் தெரிவது? காந்தம் சொல்லும். ஊசியில் உள்ள அளவு கரி கொண்ட எஃகு ஏறத்தாழ 730 டிகிரி செல்சியஸில் உள்ளமைப்பு மாறுகிறது. மாறியதும் காந்தம் அதை ஈர்க்காது. நீளக் கம்பியின் நுனியில் ஒரு சிறு காந்தத்தைக் கட்டி முள்ளின் அருகே காட்ட, ஒட்டாமல் போனால் அந்தச் சூடு போதும். அதற்குமேல் கொஞ்சம் காய்ச்சி எண்ணெயில் கொட்டிவிட வேண்டும். மெல்லிய கம்பிக்குத் தண்ணீர் வேண்டாம். விரிசல் விடும், கோணும். கடலை எண்ணெய் போதும். பாத்திரம் இரும்பாகவோ பித்தளையாகவோ இருக்கட்டும், அடைக்க மூடி பக்கத்தில் இருக்கட்டும், நெருப்புக்கும் எண்ணெய்க்கும் இடையே தூரம் ஒரு கையளவுக்குமேல் வேண்டாம். அந்தத் தூரத்தைக் கடக்கும் நேரத்திலேயே மெல்லிய கம்பி காற்றில் ஆறிவிடும். எண்ணெய் சில சமயம் தீப்பிடிக்கும். மூடியைப் போட்டால் அணைந்துவிடும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

சூடான இரும்பை இப்படித் தோய்ப்பதைத் துவைச்சல் என்பார்கள். துவைச்சல் கண்ட முள்ளின்மேல் அரம் ஏறாது, வழுக்கும். இரும்புக்குள் அப்போது என்ன நடந்திருக்கிறது என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் முழுமையாக விளங்கியது. சிவந்த நிலையில் கரியணுக்கள் இரும்பின் படிக அமைப்புக்குள் கரைந்திருக்கின்றன. மெல்ல ஆறினால் அவை வெளியேறித் தனியாக ஒதுங்கும். சட்டென்று குளிர்ந்தால் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மாட்டிய கரி இரும்பின் அடுக்குகளை இழுத்துக் கோணலாக்கி வைத்திருக்கிறது. அந்த இறுக்கம்தான் கடினம். முறிவும் அதே இறுக்கம்தான். அடால்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானிய உலோகவியலாளரின் நினைவாக அந்த நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த இறுக்கத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க வைப்பதுதான் பதம். முழுக்க விட்டால் மறுபடியும் மெதுவான ஊசி. விடாமல் வைத்தால் உடைசல். எவ்வளவு விடுவது என்பதை முள்ளின்மேல் தோன்றும் நிறம் காட்டுகிறது.

துவைச்சல் கண்ட முள் கறுப்பாக இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து வெள்ளி நிறமாக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறம் தெரியாது. தேய்க்கும்போது முனை சட்டென்று உடையும், மெதுவாகத்தான் தேய்க்க வேண்டும். பிறகு உதவாமல் ஒதுக்கிய பழைய இரும்புத் தோசைக்கல்லில் ஒரு விரற்கடை கனத்துக்கு ஆற்றுமணலைப் பரப்பி அடுப்பில் வைத்து, மணல் நன்றாகச் சுட்டதும் முட்களை மேலே அடுக்க வேண்டும். மணல் எதற்கு என்றால், நேரடிச் சுடரில் மெல்லிய முனை முந்திக்கொண்டு, தண்டு மஞ்சளாகும் முன்பே நீலத்தைத் தாண்டிச் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். மணல் எல்லா இடத்துக்கும் ஒரே சூட்டைக் கொடுக்கிறது.

இனிமேல் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர் கரண்டியை விட்டுத் திரும்புவதில்லை அல்லவா, அதே கவனம் வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். 200 டிகிரியைத் தாண்டியதும் வெள்ளி நிறத்தில் ஒரு மங்கல். அது வெளிர்மஞ்சள். 230ஐ ஒட்டி வைக்கோல் நிறம். 255இல் பழுப்பு. பழுப்பின் ஓரத்தில் ஒரு செம்மை படர்ந்து 275, 280க்குள் ஊதா. அதிலிருந்து நீலம் வர அதிக நேரமில்லை. 300 டிகிரியில் நல்ல நீலம். அதற்கும் மேலே போனால் நீலம் வெளிறிச் சாம்பலாகிவிடும், அத்துடன் கடினமும் போய்விடும். இரும்பின்மேல் படியும் மிக மெல்லிய துருப்படலத்தின் கனம் கூடக் கூட ஒளி அதில் வேறுவேறு நிறமாகத் திரும்புவதுதான் இத்தனையும். குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்தாலும் அதே நிறம் வந்துவிடும் என்பதால் மணலின் சூடு நிதானமாக ஏறுவதும், கண் விலகாமல் இருப்பதும் முக்கியம்.

சவரக்கத்திக்கு வைக்கோல் மஞ்சள் போதும். கூர் நிற்க வேண்டும், வளைய வேண்டியதில்லை. சுருள்வில்லுக்கு நீலம் வேண்டும். தூண்டில் முள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கூரும் மழுங்கக் கூடாது, இழுக்கும்போது கொஞ்சம் விரிந்து திரும்பவும் வேண்டும். ஊதா முடிந்து நீலம் தொடங்கும் இடத்தில் எடுப்பது என் வழக்கம். எடுத்ததும் தண்ணீரில் போட்டால் நிறம் அங்கேயே நின்றுவிடும்.

பிறகு சோதனை. முனையை மரத்தில் நாக்கு மறையும்வரை குத்தி, தண்டைக் குறட்டால் இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல முள் கொஞ்சம் வாய் திறந்து, விட்டதும் பழைய நிலைக்கு வரும். திறந்தபடியே நின்றால் பதம் மிஞ்சிவிட்டது. முறிந்தால் பதம் ஏறவில்லை. முறிந்ததோடு சேர்த்துக் காய்ச்சிய மற்ற முட்களை மறுபடி மணலில் வைத்துச் சரிசெய்யலாம். திறந்தபடி நின்றதை மறுபடி சிவக்கக் காய்ச்சித் துவைச்சலிலிருந்து தொடங்க வேண்டும். இதைச் செய்யும்போது கண்ணாடி அணிந்துகொள்வது அவசியம். முறியும் எஃகு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

பதம் ஏற்றும் இந்த வேலையைத் தொழில்செய்தவர்கள் மறைத்து வைத்ததில் ஆச்சரியமில்லை. 17ஆம் நூற்றாண்டு லண்டனில் சார்லஸ் கிர்பி என்ற முள் செய்பவர் பெரும் பெயர் பெற்றிருந்தார். முனையைச் சற்றுப் பக்கவாட்டில் சாய்த்துச் செய்யும் முள்ளுக்கு இன்றும் கிர்பி என்றே பெயர். முட்களுக்குப் பதம் ஏற்றும் முறையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அரச குடும்பத்து இளவரசர் ரூபர்ட் என்று ஒரு கதை வழங்குகிறது. ரூபர்ட் உலோகச் சோதனைகளில் நாட்டம் உள்ளவர். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டுச் செய்யும், வாலைக் கிள்ளினால் வெடித்துத் தூளாகும் கண்ணாடித் துளிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர். கதை உண்மையோ இல்லையோ, முள் செய்பவரின் புகழுக்கு ஊர் தேடிய காரணம் வடிவமல்ல, பதம் என்பது கவனிக்கத் தக்கது.

பின்னர் அந்தத் தொழில் இங்கிலாந்தில் ஊசிக்குப் பெயர்போன ரெட்டிச் நகரத்தில் குவிந்தது. ஊசி செய்யும் கம்பியும் உலையும் கையும் இருந்த இடத்தில் முள்ளும் வளர்ந்தது இயல்புதான். 1877இல் நார்வேயின் மஸ்டாட் நிறுவனத்தில் மதியாஸ் டாப் என்பவர் முள் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். கம்பியை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் வளைந்து, கூராகி, நாக்கோடு விழும். அதோடு கைமுள்ளின் காலம் முடிந்தது. நம் கரையோரக் கடைகளிலும் அந்த நிறுவனத்தின் முட்கள் பல தலைமுறையாக விற்கின்றன. ஒரே நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்களைக் கட்டி ஆழ்கடலுக்குச் சுறாவும் சூரையும் தேடிப் போகிற குமரி மாவட்டத் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஒவ்வொரு முள்ளையும் காய்ச்சிக்கொண்டிருக்க முடியாது. இயந்திரம் அவர்களுக்குச் செய்திருப்பது பெரிய உதவி. அதைக் குறைசொல்ல எனக்கு எந்த நியாயமும் இல்லை.

முள்ளுக்கு இரும்பைவிட மிக நீண்ட வரலாறு உண்டு. ஜப்பானின் ஒகினாவாத் தீவில் சக்கிதாரி குகையில் கிடைத்த, கடல் நத்தை ஓட்டைத் தேய்த்துச் செய்த முள் ஏறத்தாழ 23,000 ஆண்டு பழையது. மொகஞ்சதாரோவில் நாக்குள்ள செப்பு முட்கள் கிடைத்திருக்கின்றன. செம்பின் குணம் எஃகுக்கு நேர்மாறு: சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகும், சுத்தியலால் அடிக்க அடிக்க இறுகும். சிந்துவெளிக் கொல்லர் முள்ளை அடித்தே இறுக்கியிருக்க வேண்டும். வள்ளுவர் சூதின் கேட்டைச் சொல்லத் தொடங்கும் முதல் குறளிலேயே தூண்டில் உலோகத்தை விழுங்கிய மீனைக் காட்டுகிறார். விளக்கம் இல்லாமல் அந்த உவமை கேட்பவருக்குப் புரிந்திருக்கிறது என்றால், உலோக முள் அவர் காலத்தில் எல்லோரும் கண்ட பொருள்.

அப்படியானால் அந்த முட்களை நம் ஊர்களில் யார் செய்தார்கள், எப்படிப் பதம் ஏற்றினார்கள்? இங்கேதான் எனக்கு வருத்தம். தமிழ்நாட்டு எஃகைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கும் உலைகளும் மூசைகளும் அகழாய்வில் கிடைத்ததைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். தென்னிந்திய எஃகை 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆராய்ந்து எழுதியதையும், அடுத்த நூற்றாண்டில் மைக்கேல் ஃபாரடே அதை ஆராய்ந்ததையும் மேடைகளில் சொல்கிறோம். டமாஸ்கஸ் வாள் வரைக்கும் போகிறோம். வாள் வேண்டியது அரசனுக்கு. அரிவாளும் கொழுவும் உளியும் ஊசியும் முள்ளும்தான் ஊருக்கு வேண்டியிருந்தன. அவற்றுக்குப் பதம் ஏற்றியதில்தான் எஃகைப் பற்றிய அறிவு நாள்தோறும் புழங்கியது. அதைப் பற்றி நம்மிடம் எழுத்தில் இருப்பது மிகச் சொற்பம். கொல்லர் வீட்டுப் பிள்ளைகள் துருத்தி ஊதியபடி கண்ணால் கற்றதை நாம் படிப்பாக மதிக்கவில்லை. சாதி சார்ந்த கைத்தொழில் என்று ஒதுக்கினோம். மதித்திருந்தால், நம் மொழியிலும் யாராவது உட்கார்ந்து அந்த நிறங்களை எழுதியிருப்பார்கள்.

பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற முள்ளை ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்து செய்வதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். எஃகு என்றால் என்னவென்று கையால் தெரிந்துகொள்ள இதைவிடச் சிறிய, செலவில்லாத பாடம் வேறில்லை. இளக்குதல், வெட்டுதல், வளைத்தல், துவைச்சல், பதம் என்று ஒரு கொல்லர் பட்டறையின் வேலை அத்தனையும் ஓர் ஊசியின் நீளத்துக்குள் அடங்கிவிடுகிறது. வேதியியல் புத்தகத்தில் வரைபடமாகப் பார்த்த கரியும் இரும்பும் தோசைக்கல்லில் மஞ்சளாகவும் ஊதாவாகவும் எழுந்து வருகின்றன. மேல்நிலைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் துணையோடு இதைச் செய்து காட்டலாம். செய்து காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மீனின் பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். பதம் மிஞ்சிய முள் நேராகிவிடும். மீன் தப்பிப் பிழைத்துப் போகும். பதம் குறைந்த முள் வளைவில் முறிந்து, முனை மீனின் வாயிலேயே தங்கிவிடும். ஆகவே முறிகிற முள்ளைத் தூண்டிலில் கட்டுவது பிடிப்பவருக்கு நட்டம் என்பதைவிட, மீனுக்குச் செய்யும் கொடுமை. சோதித்துப் பார்க்காத முள்ளைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் நாக்கைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிக் கொடுங்கள். சின்ன மீனை விட்டுவிடும்போது வாய் கிழியாது, விரலில் ஏறினாலும் எளிதில் கழற்றலாம். வீட்டில் செய்த கரியெஃகு முள் துருப்பிடிக்கும், ஒவ்வொரு தடவையும் துடைத்து எண்ணெய் பூசி வைக்க வேண்டும். அதே துரு ஒரு நன்மையும் செய்கிறது. நரம்பு அறுந்து மீனோடு போன முள் தண்ணீரில் நாளடைவில் அரித்துப்போகும். துருப்பிடிக்காத எஃகில் செய்த முள் அப்படிப் போகாது. மீன்களை விட்டுவிடும் பழக்கம் உள்ளவர்கள் அத்தகைய முள்ளைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

உங்கள் ஊரில் இன்னும் உலை மூட்டுகிற வயதான கொல்லர் இருந்தால் தயவுசெய்து ஒருநாள் போய் உட்காருங்கள். எந்த இரும்பை எடுக்கிறார், எதில் தோய்க்கிறார், எந்த நிறத்தில் நெருப்பிலிருந்து எடுக்கிறார், சரியாக வந்ததா என்று எப்படிப் பார்க்கிறார், அந்த நிறத்துக்கு அவர் என்ன பெயர் சொல்கிறார் என்று கேளுங்கள். அவர் சொன்னபடியே, அவர் சொல்லிலேயே, திருத்தாமல் எழுதி ஏதாவது ஓர் இதழுக்கு அனுப்புங்கள்.